எருமையின் புலி வேடம்

காட்டு இசைநாடகக் குழுவில் காதலன் வேடம் எப்போதும் குயிலுக்குத்தான். கனத்த குரல் உள்ள எருமைக்கு வில்லன் வேடம். அந்தக் குரலுக்காக அது ஆறு வருஷம் கழுத்தளவு குளத்து நீரில் நின்று மூச்சடக்கிப் பழகியது. பிறகு நாலு வருஷம் திரைக்குப் பின்னால் நின்று இடியாக முழங்கியது. கடைசியில் புலி வேடம் கிடைத்தது.

முதல் ஆட்டத்தில் எருமை அடிவயிற்றிலிருந்து எழுப்பிய உறுமலைக் கேட்டு, முன்வரிசை முயல்கள் எழுந்து ஓடின. எருமைக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆட்டம் முடிந்து, முகத்தில் பூசிய மஞ்சளைக் குளத்தில் கழுவிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தண்ணீரில் இன்னொரு முகம் தெரிந்தது. நிஜப் புலி.

"பயப்படாதே தம்பி, பாராட்டத்தான் வந்தேன். பிரமாதமான குரல்."

எருமை குளத்துக்குள் இரண்டடி நகர்ந்தது. அப்போதும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "குறை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் ஐயா."

"ஒன்றுதான். நாடகத்தில் மான்மேல் பாய்வதற்கு முன்னால் எதற்கு அவ்வளவு நேரம் உறுமுகிறாய்? நாங்கள் பாயும்போது சத்தமே போடமாட்டோம்." போகிற போக்கில் புலி திரும்பிப் பார்த்தது. "நாளைக்கும் வருவேன். கடைசி வரிசையில் இருப்பேன்."

மறுநாளும் எருமை உறுமியது. முயல்கள் அலறின. குரங்குகள் கைதட்டின. எருமை பாடியபடியே கடைசி வரிசைப் பக்கம் காதைத் திருப்பியது.

அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.