உடையாத கண்ணாடி

"சேர், கண்ணாடி வெடிக்கல்லதான். ஆனா தண்ணிச் சத்தம் கேக்குதே," என்றாள் றலியா.

ஸ்ரீதரன் பின்சுவரைக் குனிந்து பார்த்தார். விரிசலுக்குக் குறுக்கே சிமெந்து வைத்து ஒட்டிய கண்ணாடித் துண்டு முழுசாக இருந்தது. மண்சரிவைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து புதன்கிழமை தோறும் அவர் வருவது இதைப் பார்க்கத்தான். மலை அசைந்தால் விரிசல் அகலும். விரிசல் அகன்றால் கண்ணாடி வெடிக்கும். இங்கே பதினொரு வீட்டிலும் இப்படி ஒட்டியிருக்கிறது; எந்த வீட்டில் வெடித்தாலும் பதினொரு குடும்பமும் அன்றைக்கே வெளியேற வேண்டும்.

வத்தேகம நகருக்கு மேலே மலையை வெட்டிக் கட்டிய புதுக் குடியிருப்பு அது; 'ஸ்கீம்' என்பார்கள். வெட்டும்போது அங்கிருந்த ஊற்று காணாமல் போனது. பரிகாரமாக, வீடு கட்டிய கம்பனி தடுப்புச் சுவர் எழுப்பி, தண்ணீர் வடியக் குழாய் பதித்து, வெட்டிவேர்ப் புல்லும் நட்டுவிட்டுப் போய்விட்டது. இப்போது எட்டு நாளாக விடாத மழை. அந்தக் குழாய்களில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் றலியாவின் கணவன் பவாஸ் குழாய் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பான். பெய்ததெல்லாம் எங்கேதான் போகிறது?

"குசினில அடுப்புக்குக் கிட்ட நிலத்துல காத வெச்சுக் கேளுங்க, சேர். கீழ யாரோ பேசிட்டு ஈக்கிற மாதிரி கேக்கும். எங்கட மகள் நுஹா அதுக்கு மறுமொழி சொல்றா."

"சும்மா இரி, றலியா. சேருக்கு வேல ஈக்கி," என்றான் பவாஸ்.

ஸ்ரீதரன் நிமிர்ந்தார். "பயப்படாதீங்க தங்கச்சி. பதினொரு வீட்டையும் பாத்துட்டேன். ஒண்ணும் வெடிக்கல." பதிவேட்டைத் திறந்தார். "உண்மையச் சொன்னா எனக்கே புதுசாத்தான் இருக்கு. இருபது வருஷமா இந்த வேல பாக்குறேன். இவ்வளவு மழையில ஒரு கண்ணாடிகூட வெடிக்காத மலைய இப்பத்தான் பாக்குறேன்."

பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

"உம்மாட வீட்டுக்குப் போவோம். மழ விட்ட பொறகு வருவோம்," என்றாள் றலியா.

"மத்தப் பத்து வீட்டு மனுசரும் நிம்மதியா ஈக்காங்க. நமக்கு மட்டும் என்ன?" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பவாஸ் கடைத்தெருவுக்கு இறங்கினான்.

அவன் வீட்டுக் கண்ணாடி நாலு தடவை வெடித்துவிட்டது. கடைசியாக வெடித்தது இன்று காலையில். ஒவ்வொரு தடவையும் றலியாவுக்குத் தெரியாமல் புதுத் துண்டை ஒட்டி, புதுச் சிமெந்து தெரியாதபடி தேயிலைச் சாயம் பூசிப் பழசாக்கியது அவன்தான். காலையில் ஒட்டியதோடு கைவசம் இருந்த துண்டும் தீர்ந்துவிட்டது.

பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறவன் அல்ல அவன். பத்து வீட்டுக் கண்ணாடி அசையாமல் இருக்கும்போது அசைவது மலையாக இருக்க முடியாது, தன் சுவர் மட்டும்தான், மேசன் செய்த கோளாறு என்று மனதார நம்பினான். அந்த ஒரு சுவருக்காகப் பத்துக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை.

கண்ணாடிக் கடையில் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் மட்டும் இருந்தார்.

"ஹாஜியார், சின்னத் துண்டு ஒண்டு வேணும்," என்றான் பவாஸ்.

அவர் அளவு கேட்கவில்லை. மேசைக்கடியில் கை விட்டு, ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த துண்டை எடுத்துக் கடதாசியில் சுற்றி நீட்டினார்.

"என்னத்துக்கு மகன் உங்கட ஸ்கீம் ஆக்களுக்குக் கெழமைக்குக் கெழம இந்தத் துண்டு? மத்தப் பத்து வீட்டாரும் ஒவ்வொருத்தரா வந்து வாங்கிட்டாங்க, இன்டைக்கு நீங்க ஒராள்தான் மிச்சம்."