மணிக்கட்டில் இரண்டு விரல்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பிரசவ அறைக்குப் புது இயந்திரம் வந்துவிட்டது. இனி இங்கே சந்தேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வயிற்றில் கட்டிய வட்டக் கருவி வழியாக அது குழந்தையின் இதயத் துடிப்பை அறை முழுக்க ஒலிபரப்புகிறது. "கேளுங்க சிஸ்டர், என் புள்ள என்னா ஓட்டம் ஓடுறான்," என்று கணவர் நெஞ்சை நிமிர்த்துகிறார். கட்டிலில் வியர்த்துக் கிடக்கும் மனைவி, "ரெண்டு வாய் தண்ணி குடுத்துட்டு அப்புறம் பெருமை பேசுங்க," என்கிறாள். மருத்துவச்சி அவள் மணிக்கட்டில் இரண்டு விரல் வைக்கிறாள். விரலடியில் ஒரு துடிப்பு, அதே நொடியில் இயந்திரத்தில் ஒரு துடிப்பு. மறுபடியும் அப்படியே. திரையில் ஓடும் எண் நல்ல எண்தான், ஆனால் யாருடையது? அவள் கருவியைச் சற்றுக் கீழே நகர்த்துகிறாள். கரகரக்கிறது. பிறகு அந்தக் கரகரப்பும் இல்லை. "ஏன் நின்னுடுச்சு?" என்கிறார் கணவர். தண்ணீர் கேட்டவள் தண்ணீரை மறந்து மருத்துவச்சியின் முகத்தையே பார்க்கிறாள். ஜெல் தடவிய தோலில் கருவி இன்னும் கொஞ்சம் சறுக்குகிறது, இன்னும் கொஞ்சம். வேறொரு துடிப்பு கேட்கிறது, விரலடியில் இருப்பதோடு சேராமல், அதைவிட வேகமாக, தெளிவாக.

"இதுதான் உங்க புள்ள."

"அப்போ இவ்வளவு நேரம் கேட்டது?"

"உங்க சம்சாரத்தோட நெஞ்சு," என்கிறாள் மருத்துவச்சி.