தடித்த எழுத்தில் ஒரு வரி

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கோளாறு என்னவென்று கேட்கப் பொறுமை கிடையாது. எதிராளி வாயைத் திறக்கும் முன்பே, சரி பண்ணிரலாம் என்கிறார்கள்.

இவளும் அதையே சொன்னாள்.

அவர் கம்ப்யூட்டரைத் தோளிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தார். கையை எடுக்கவில்லை.

"மொதல்ல என்னான்னு கேளு. பெறவு சரி பண்ணு."

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரி ஜெனிட்டா கண்ணாடியை மேலே தள்ளினாள். தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயது அவளுக்கு.

"சரி மாமா, சொல்லுங்க."

"கத்திச் சொல்லு. காது கேக்காது."

"இப்ப நீங்கதான் மாமா சொல்லணும்!"

சொன்னார்.

மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்த்த மகள். பேர் அமலி. தூத்துக்குடி ஹார்பரில் மூட்டை தூக்கிய காலத்தில் கிரேன் சத்தத்தில் அவர் காது போய்விட்டது. போன் உதவாது. அதனால் மெயில் போடுவாள். தமிழில், பெரிய பெரிய எழுத்தாக. அவர் எழுத்துக்கூட்டி வாசிப்பார்.

வந்தது தடித்த எழுத்தில் நிற்கும். திறந்தால் மெலியும். அடுத்ததைத் தொட்டால், மெலிந்தது காணாமல் போகும்.

வாசித்ததெல்லாம் போயிற்று.

அதை ஒற்றை விரலால் தட்டி மகளுக்கு எழுதினார். கிறிஸ்மஸுக்கு வந்து பார்க்கிறேன் அப்பா என்று பதில் வந்தது. வாசித்தார். அதுவும் போயிற்று.

கிறிஸ்மஸுக்கு முன்பே வந்தாள்.

பெட்டியில்.

வேலை முடிந்து ஏறின வண்டி கவிழ்ந்ததாம். திறக்க வேண்டாம் பெரியவரே, பார்க்கத் தாங்காது என்று கூட வந்தவன் சொன்னான். ஆணி கழற்றாமலே கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று.

ஜெனிட்டா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தாள். வயரைச் செருகித் திரையைப் போட்டாள்.

ஏதேதோ விளம்பரங்கள். நடுவில், தடித்த எழுத்தில், மகளுடைய வரி ஒன்றே ஒன்று.

அப்பா, ஒரு நல்ல சேதி.

வண்டி ஏறும் முன் அனுப்பியிருக்கிறாள். அவர் அதைக் கண்டது அடக்கம் முடித்து வந்த பிறகு. இன்றுவரை திறக்கவில்லை.

"இதத் தொட்ராத. போனதத் தேடித் தா, போதும்."

அவள் தேடக்கூட இல்லை. உற்றுப் பார்த்தாள். அவர் காதருகே குனிந்து கத்தினாள்.

"எதுவும் அழியல மாமா! வாசிக்காதத மட்டும் காட்டுன்னு ஒரு பொத்தான் இருக்கு. யாரோ தெரியாம அமுக்கியிருக்காவ. வாசிச்சதெல்லாம் உள்ளேயேதான் கெடக்கு!"

அமுக்கினாள்.

வந்தன.

அப்பா, மாத்திரை போட்டியளா.

அப்பா, இங்க மீனுக்கு ருசியே இல்ல.

அப்பா, ஏன் பதில் போடல, கோவமா.

அப்பா, ஒங்களுக்குச் செருப்பு பாத்திருக்கேன், ஒம்பதா பத்தா.

திரையில் விரலை வைத்து வைத்து வாசித்தார். உதடு அசைந்தது. செருப்பு வரியில் விரல் நின்றது.

"பத்து" என்றார்.

ஜெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவில் ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

அவர் கீழேயிருந்து மேல்வரை வாசித்தார். பிறகு மேலேயிருந்து கீழே.

"இப்ப அந்த நல்ல சேதியையும் வாசிங்க மாமா. போவாது."

அவர் கம்ப்யூட்டர்மேல் மறுபடி கையை வைத்தார்.

அவள் ஒரு விளம்பரத்தைத் திறந்தாள். ஏதோ நகைக்கடை. எழுத்து மெலிந்தது. வேறொன்றைத் தொட்டாள். மெலிந்தது அங்கேயே நின்றது.

"பாத்தியளா?"

பார்த்தார்.

பெட்டி வந்த அன்றைக்கும் இப்படித்தான் காட்டினார்கள். இந்தா சீல், இந்தா கையெழுத்து, உங்க மகதான் என்று. அன்றைக்குத் திறக்காதே என்றார்கள். இன்றைக்குத் திற என்கிறாள். அவரவர்க்குத் தோன்றியதைச் சொல்லுகிறார்கள். ஆளுக்கொரு பேச்சு.

திரையில் அம்பு நகர்ந்தது. அமலியின் வரிக்குப் பக்கத்தில் போயிற்று.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இறுகப் பிடித்தார்.

அம்பு நின்றது.

"வாசிச்சாத்தான மாமா என்ன சேதின்னு தெரியும்." இந்தத் தடவை அவள் கத்தவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

கையை விட்டார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். அணை."

அணைத்தாள். அணைகிறவரை திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயர்களைத் தாமே கழற்றினார். துண்டைச் சுருட்டித் தோளில் போட்டு, அதன்மேல் கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டார்.

அவள் வாசல்வரை வந்தாள்.

"அது எங்கயும் போவாது மாமா! நான் சொல்றேம்லா!"

காதில் விழுந்தது.

சொல்லத்தான் செய்வார்கள். சொல்லுக்கு என்ன குறைச்சல்.

வெயிலில் இறங்கி நடந்தார். சந்தைமுக்கு தாண்டுமுன்பே தோள் கனத்தது. மறுதோளுக்கு மாற்றினால் உள்ளே ஏதும் இடம் பெயர்ந்துவிடுமோ என்று, மாற்றாமலே நடந்தார்.