முன்னால் போன கப்பல்

போர் ஓய்ந்த பிறகும் நெடுந்தீவுக் கடலில் கண்ணிவெடிகள் கிடந்தன. அவற்றைத் தேடி அழிக்கும், செயற்கை அறிவு ஓட்டும் ஆளில்லாக் கப்பல் முன்னே போனால்தான் படகுகள் புறப்படும். அன்று காலை ஜெசிந்தாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அவள் கணவன் அருள்தாஸ் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு, கப்பலின் பின்னாலேயே ஆசுபத்திரிக்குப் புறப்பட்டான்.

பாதி வழியில் வானொலியில் கப்பலின் குரல் கேட்டது. "அண்ணை, கண்ணி ஒண்டு உங்களை நோக்கி மிதந்து வருது. அதை நான் பாக்கிறன். கரை வரைக்கும் இனி வழி சுத்தம், நிக்காமப் போங்கோ."

சொன்ன கையோடு திரும்பிப் போய்க் கண்ணியின் மேல் மோதியது. கடல் எழுந்து விழுந்தபோது கப்பல் இல்லை. பத்திரமாகக் கரை சேர்ந்த ஜெசிந்தாவுக்கு மாலையில் பிள்ளை பிறந்தது.

வீடு திரும்பும் நாளில் துறையில் புதுக் கப்பல் ஒன்று நின்றது. அருள்தாஸ் தயங்கியபடி வானொலியை எடுத்தான்.

"முன்னம் இருந்த கப்பலுக்கு ஒரு நன்றி சொல்ல ஏலாமப் போச்சு. நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கோ."

"கப்பல்தான் புதுசு, அண்ணை. கரையில இருந்து ஓட்டுற ஆள் அதே நான்தான். பிறந்தது மகனோ, மகளோ?"

ஜெசிந்தா வானொலியை வாங்கி, அழுதுகொண்டிருந்த மகளின் வாயருகே பிடித்தாள்.