கடைக்கு எதிரே ஒரு பூங்கா

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. அன்றைக்குச் சிங்கப்பூர்த் தேக்காவில் கார் நிறுத்த இடம் கிடைப்பதும் டோட்டோவில் முதல் பரிசு விழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படிப்பட்ட நாளில், டன்லப் ஸ்திரீட்டில் தன் நகைக்கடைக்கு நேர் எதிரே, ஒரு வண்டி மட்டும் நிற்கக்கூடிய பார்க்கிங் லாட்டில் புல் முளைத்திருப்பதைக் கண்டார் ரவூப்.

பிளாஸ்டிக் புல். அதன்மேல் ஒரு பெஞ்சு, சக்கரம் வைத்த பூந்தொட்டிகள், ‘நகரம் மக்களுக்கே. இன்று மட்டும் பொதுப் பூங்கா’ என்று ஒரு பலகை. பெஞ்சில் ஓர் இளம் ஜோடி.

“கார் நிறுத்துற இடத்தைப் பூங்கா ஆக்குற திட்டம் அத்தா. அப்ளை பண்ணா ஒரு நாளைக்கு பர்மிட் தர்றாங்க. க்யூட்டா இருக்குல்ல?” என்றாள் மகள் முனீரா.

“ரொம்ப க்யூட். என் கஸ்டமருங்க காரைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு நகை பார்ப்பாங்க.”

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கிளமெண்டி வட்டாரத்திலிருந்து வரும் அண்ணாதுரை தன் மகள் கல்யாணத்துக்குச் சொல்லியிருந்த தாலிக்கொடி, ஆரம், வளையல் எல்லாம் பெட்டகத்தில் தயாராக இருந்தன. போன வாரமே வருவதாகச் சொல்லி வராமல் போன மனிதர், இன்று மாலை கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தார். வியாபாரம் படுத்துவிட்ட இந்த வருஷத்தில் கடையைத் தூக்கி நிறுத்தப் போவது அந்த ஒரு விற்பனைதான்.

மதியத்துக்குள் கோபம் பயமாக மாறியது. பெஞ்சில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அவர் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காதலிக்கிறவங்க இப்படியா உட்காருவாங்க?”

“கல்யாணம் ஆனவங்களா இருக்கும்” என்றாள் முனீரா.

அவளே போய்ப் பேசிப் பார்த்தாள். திலீப், வித்யா என்று பெயர் சொன்னார்களாம். தொட்டியில் இருப்பது என்ன செடி என்று கேட்டதற்கு, திலீப் நெடுநேரம் யோசித்து, “பச்சைச் செடி” என்றானாம்.

“பார்த்தியா? பூங்கா வைக்கிற மூஞ்சியா அது?”

டீ வாங்கும் சாக்கில் ரவூப் பெஞ்சுக்குப் பின்னால் மெல்ல நடந்தார். திலீப் போனில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தான்.

“ஆறு மணிக்கு வேனை ரிவர்ஸ்ல கொண்டு வாங்க. கடை வாசலுக்கு நேரா. எங்களுக்கு ரெண்டு நிமிஷம் போதும். அப்புறம் நம்மள ஒருத்தனும் அசைக்க முடியாது.”

டீயைக் குடிக்காமலேயே ரவூப் போலீசுக்குப் போன் செய்தார்.

அரைக்கால் சட்டையில், சாதாரண ஆளைப் போல வந்தார் அதிகாரி நிதீஷ். கண்காணிப்பதற்காக அந்தப் பெஞ்சிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்து, கடமையே கண்ணாகக் கொஞ்சம் தூங்கினார். எழுந்து வந்து, “காத்து நல்லா வருது பாய்” என்று முதல் தகவலும் தந்தார்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. ஜோடி துள்ளி எழுந்தது. புல் பாயாகச் சுருண்டது. பெஞ்சு நடைபாதைக்கு ஏறியது. தொட்டிகளும் அங்கே உருண்டன. காலியான லாட்டை நோக்கி வேன் பின்பக்கமாக நகர்ந்தது.

“சார், இவங்கதான். விட்டுடாதீங்க” என்று ரவூப் கத்த, நிதீஷ் பாய்ந்து வேனை மறித்து அடையாள அட்டையை நீட்டினார்.

அந்த இடைவெளியில் எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைக் கார் அலுங்காமல் லாட்டுக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தவர் கதவைப் பூட்டிக்கொண்டு பிரியாணிக் கடைப் பக்கம் நடந்தார்.

திலீப் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“சார், சாப்பாட்டுக் கடையில மேசை பிடிக்க டிஷ்யூ பாக்கெட் வைப்போம். பார்க்கிங் லாட் பிடிக்க எதை வைக்கிறது? அதான் பூங்காவை வெச்சோம். மாமாவுக்காகக் காலையிலேர்ந்து வெயில்ல காஞ்சு பிடிச்ச இடம் சார் அது. அநியாயமாப் போச்சு லா.”

வேனின் கண்ணாடி இறங்கியது.

“போன வாரமும் இடம் கிடைக்காம சுத்திச் சுத்திப் பார்த்துட்டுத்தான் திரும்பிட்டோம் பாய், பரவாயில்லை, பார்க்கிங் இருக்கிற கடையாப் பார்த்து வாங்கிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினார், கிளமெண்டி அண்ணாதுரை.