அரை இடம்

பூரணியின் காலடியில் இருந்த பெட்டியை ஒருமுறை மிதித்தால் அது பாட்டைப் பதியத் தொடங்கும். மறுமுறை மிதித்தால், பதிந்ததையே வட்டமாகத் திரும்பத் திரும்பப் பாடும். அந்த வட்டம் சரியாக அமைந்துவிட்டால், நாளைக் கச்சேரியில் இரண்டு குரலையும் அவளே பாடிவிடலாம். அமையாவிட்டால், சண்டை போட்டுக்கொண்டு போன தங்கை சாரதாவைக் கூப்பிட வேண்டும். காலையிலிருந்து வட்டம் நொண்டிக்கொண்டே இருந்தது. "பெட்டியத் திட்டாதீங்கக்கா, அது உங்க கால் சொன்னதத்தான் செய்யுது," என்றான் ஒலிப்பதிவாளர் எட்வின். "இந்தப் பாட்டு, தாளம் விழுந்து அரை இடம், அதான் பாதித் தட்டு, தள்ளித்தானே ஆரம்பிக்குது? ஆரம்பிக்கறப்ப பாட்டோட மிதிக்கிறீங்க, முடிக்கறப்ப மட்டும் தாளத்துல மிதிக்கிறீங்க. அந்த அரை இடம் உள்ள போகவே இல்ல." "அங்க ஒண்ணுமே இல்லையேப்பா, சும்மாதான இருக்கேன்?" "அந்த சும்மாவையும் சேத்துப் பதிங்க." இம்முறை அவள் தொடையில் முதல் தட்டு விழும்போதே மிதித்தாள், அரை இடம் பொறுத்துப் பாடினாள், அடுத்த சுற்றின் முதல் தட்டில் மீண்டும் மிதித்தாள். வட்டம் நொண்டாமல் சுழன்றது. ஒவ்வொரு சுற்றிலும், பாட்டுக்கு முன்னால், அவள் மூச்சை இழுக்கும் சத்தம் தனியாகக் கேட்டது. சிறுவயதிலிருந்து அந்த இடத்தில்தான் அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சேர்ந்து மூச்செடுப்பார்கள். "கரெக்டா இருக்குக்கா, ரெண்டாவது குரல எடுங்க," என்றான் எட்வின். பூரணி, சாரதா எப்போதும் உட்காரும் பக்கம் திரும்பினாள். அதற்குள் பாட்டு அவளை விட்டுவிட்டுத் தொடங்கியிருந்தது. "அடுத்த சுத்துல எடுக்கறேன்," என்றாள். அடுத்த சுற்றிலும் அந்தப் பக்கமே திரும்பினாள்.