இரண்டாவது டம்ளர்

நோரா டம்ளரை மகனின் உதட்டருகே கொண்டுபோனாள். இதைக் குடித்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் நீட்டினாள்.

"குடிச்சிடு மேத்யூ. இவ்ளோதான் மிச்சம்."

எட்டு வயது மேத்யூ டம்ளரைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு மடமடவென்று குடித்து முடித்தான்.

நல்லவேளை, இதெல்லாம் நடந்தது அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியில். கட்டிலுக்குப் பக்கத்தில் ஊசி தயாராக இருந்தது. டாக்டர் ஷகீலா நான்கடி தள்ளி உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

மேத்யூவுக்குப் பால் ஆகாது. ஆகாது என்றால் வயிறு கடமுடா என்று சத்தம் போடுகிற சமாச்சாரம் இல்லை. இரண்டு வயதில், யாரோ ஊட்டிய ஒரு வாய் பிறந்தநாள் கேக்குக்கே மூச்சுத் திணறி, உதடு நீலமாகிப்போன பிள்ளை அவன்.

அன்றிலிருந்து நோரா பார்ப்பது துப்பறியும் வேலைதான். பாலும் தயிரும் கண்ணுக்குத் தெரியும், தள்ளி வைத்துவிடலாம். பன்னில் பால் பவுடரும் பிரியாணிக் கறியில் தயிரும் முறுக்கில் வெண்ணெயும் வாயைத் திறந்து சொல்லுமா? மயிலாப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில், வெறும் அப்பளம்தானே என்று விட்டுவிட்டாள். சற்று முன்புதான் அதே எண்ணெயில் மோர் மிளகாய் பொரித்திருக்கிறார்கள். மடியில் பிள்ளையோடு ஆட்டோவில் பறந்த அந்தப் பத்து நிமிடத்தை அவள் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நோரா ரொம்ப ஓவராகப் பண்ணுகிறாள் என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும், பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அவளும் இருந்துவிட்டாள்.

வளர வளரச் சில பிள்ளைகளுக்கு இது விட்டுப்போகும், சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சொன்னவர் டாக்டர். இரண்டு நாள், இரண்டு டம்ளர். இரண்டிலும் கோகோவும் பேரீச்சையும் போட்ட ஓட்ஸ் கஞ்சி. ஒன்றில் பால் கலந்திருக்கும், மற்றதில் இருக்காது. ருசியிலோ நிறத்திலோ கண்டுபிடிக்க முடியாது. முதலில் ஒரு ஸ்பூன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுப்பார்கள்.

எந்த நாளில் எது என்பது கஞ்சி கலக்குகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் எழுதி ஒட்டிக் கொடுத்த கவர் டாக்டரின் மேஜையில் கிடந்தது. "பிரிக்கிற வரைக்கும் எனக்கே தெரியாதும்மா" என்று டாக்டர் சிரித்தபோது நோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று நோராவுக்குப் பள்ளியில் பரீட்சை டியூட்டி. எவ்வளவு கெஞ்சியும் லீவு கிடைக்கவில்லை. கணவர் ஆம்ப்ரோஸ்தான் பிள்ளையைக் கூட்டிவந்தார். அப்பாவும் மகனும் செல்போனில் கிரிக்கெட் ஆடியே பொழுதை ஓட்டிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

நோராதான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கணக்குப் போட்டாள். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்றால், பால் இன்றைய டம்ளரில். இதைக் கண்டுபிடிக்க டாக்டருக்குப் படிக்க வேண்டுமா என்ன?

பத்து நிமிடம் போனது. கைப்பைக்குள் ஜெபமாலையை உருட்டியபடி, மகனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவனும் போனைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபதாவது நிமிடம் மேத்யூ கழுத்தைச் சொறிந்தான்.

"என்னடா பண்ணுது?"

"அரிக்குது மம்மி."

"தொண்டை அடைக்குதா?"

"ஆமா... அடைக்குற மாதிரி இருக்கு."

"வயிறு?"

"வயிறும் வலிக்குது."

நோரா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. டாக்டர் ஓடிவந்து மேத்யூவின் சட்டையைத் தூக்கி முதுகையும் மார்பையும் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஊசியப் போடுங்க டாக்டர். எனக்குத் தெரியும், இப்படித்தான் ஆரம்பிக்கும்."

டாக்டர் ஒரு கையில் ஊசியை எடுத்துக்கொண்டார், ஆனால் போடவில்லை. மேத்யூவின் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், மறுபடியும் மூச்சைக் கேட்டார். உடம்பில் எங்கேயும் ஒரு தடிப்புகூட இல்லை. நர்சைக் கூப்பிட்டு மேஜைமேல் இருந்த கவரைப் பிரித்துத் தரச் சொன்னார்.

நோராவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பிள்ளை துடிக்கும்போது காகிதம் படிக்கிற டாக்டரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். ஏதாவது ஆனால் சும்மா விடமாட்டேன் என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள்.

டாக்டர் காகிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். ஊசியை மெதுவாகத் தட்டில் வைத்தார். விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, நோராவை அதில் உட்காரவைத்து, சில்லிட்டுப் போயிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து குடிச்சதுதாம்மா பால்."